சுதந்திரத் தொழிலுக்கு யார் விலை கொடுப்பது? சிற்றூர் தலித் வழக்கறிஞர்களின் முதல் ஏழு ஆண்டுகள்

என் அம்மா ஆலங்குளத்தில் முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகப் பீடி சுற்றுகிறார். நான் வழக்கறிஞராகப் பதிவு செய்த புதிதில் ஒருநாள், காலை பதினொரு மணிக்கு வீட்டுத் திண்ணையில் இருந்த என்னைப் பார்த்து, “ஒனக்கென்னய்யா, நெனச்சா கோர்ட்டுக்குப் போற, நெனைக்காட்டி வீட்ல இருக்க. எங்க பீடி வேல மாதிரிதான்” என்றார். அன்று எனக்குக் கோபம் வந்தது. பத்தாண்டுகள் கழித்து யோசிக்கும்போது, என் தொழிலைப் பற்றி அவ்வளவு துல்லியமாக வேறு எவரும் சொன்னதில்லை என்று தோன்றுகிறது.

கடையில் இலையும் தூளும் வாங்கி வந்து, வீட்டில் வசதிப்பட்ட நேரத்தில் சுற்றி, கட்டிக் கொண்டுபோய்க் கொடுத்துக் கூலி வாங்குவது பீடித் தொழில். “இவர்கள் எங்கள் தொழிலாளர்கள் அல்லர், தம் விருப்பப்படி வேலை செய்யும் சுயதொழிலினர்” என்பதே முதலாளிகள் நெடுங்காலம் வைத்த வாதம். 1966ஆம் ஆண்டின் பீடி, சுருட்டுத் தொழிலாளர் சட்டம் அந்த வாதத்தை ஏற்கவில்லை. மூலப்பொருளைப் பெற்று வீட்டில் சுற்றுபவரும் தொழிலாளியே என்று அது வரையறுத்தது. 1985இல் பி.எம். பட்டேல் வழக்கில் உச்ச நீதிமன்றம், வீட்டிலிருந்து பீடி சுற்றுவோருக்கும் வருங்கால வைப்புநிதி உண்டு என்று உறுதி செய்தது. சுற்றிய பீடியைச் சரியில்லை என்று கழித்துக்கட்டும் அதிகாரம் முதலாளியிடம் இருக்கிறதே, அதுவே கட்டுப்பாட்டுக்குச் சான்று என்பது நீதிமன்றம் கண்ட காரணம். எந்த நேரத்தில் வேலை செய்வது என்பதை ஒருவர் தாமே தீர்மானிக்கிறார் என்பதால் மட்டும் அவர் எவரையும் சாராதவர் ஆகிவிடுவதில்லை.

அம்மாவின் தொழிலுக்குக் கிடைத்த இந்தத் தெளிவு என் தொழிலுக்கு இன்னும் கிடைக்கவில்லை. வழக்கறிஞர் தொழில் “சுதந்திரத் தொழில்” என்று சட்டக் கல்லூரியின் முதல் நாளிலேயே சொல்லப்படுகிறது. அந்தச் சுதந்திரம் நமக்குத் தேவைதான். ஆனால் அதன் விலையை இன்று யார் செலுத்துகிறார்கள், செலுத்த முடியாதவர்கள் எங்கே போகிறார்கள், அவர்கள் போய்விட்டால் வன்கொடுமை வழக்குகளில் பாதிக்கப்பட்டோர் பக்கம் யார் நிற்பார்கள் என்ற கேள்விகள் நம் இயக்கங்களில் போதிய அளவு பேசப்படவில்லை. அவற்றைப் பேசுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

இலண்டனில் முடிவில் கிடைப்பது, இங்கே தொடக்கத்தில் திணிக்கப்படுவது

இங்கிலாந்தில் அண்மைக் காலத்தில் ‘ஆலோசகச் சொலிசிட்டர்’ என்ற முறை பரவியிருக்கிறது. ஒரு சட்ட நிறுவனம் தன் பெயர், தொழில்முறைக் காப்பீடு, கணக்கு வழக்கு ஆகியவற்றைத் தருகிறது. சொலிசிட்டர் சம்பளம் பெறாமல் சுயதொழிலாக, தமக்கு உகந்த நேரத்தில், பெரும்பாலும் வீட்டிலிருந்தே வேலை செய்து, ஈட்டும் கட்டணத்தில் ஒரு பங்கைப் பெறுகிறார். 2019 நவம்பரிலிருந்து, சில நிபந்தனைகளுக்கு உட்பட்டு, எந்த நிறுவனத்தையும் சாராமல் தனியராகச் சொலிசிட்டர் பணி செய்யவும் அங்குள்ள ஒழுங்குமுறை ஆணையம் அனுமதிக்கிறது. நெகிழ்வான வேலை, குடும்பத்துக்கு நேரம், தன் வழக்கைத் தானே தெரிவு செய்யும் உரிமை என்று இதைப் பலர் பாராட்டுகிறார்கள்.

அவர்கள் அந்த இடத்துக்கு வந்து சேரும் வழியைக் கவனிக்க வேண்டும். பயிற்சிக் காலத்தில் சட்டப்படியான குறைந்தபட்ச ஊதியம், பிறகு நிறுவனங்களில் சம்பளத்துடன் சில ஆண்டுகள், அதற்குள் சேர்ந்துவிட்ட சொந்தக் கட்சிக்காரர்கள் என்று எல்லாம் கைக்கு வந்த பின்னரே பெரும்பாலோர் சுயதொழிலுக்கு மாறுகிறார்கள்.

இந்தியாவில் வரிசை தலைகீழ். 1961ஆம் ஆண்டின் வழக்கறிஞர்கள் சட்டத்தின்படி பதிவு செய்த நாளிலிருந்தே ஒருவர் சுயதொழிலினர். இந்திய பார் கவுன்சில் விதிகளின் 49ஆம் விதி, வழக்கறிஞராகத் தொழில் செய்யும் வரை முழுநேரச் சம்பள வேலையில் இருக்கக் கூடாது என்கிறது. 47ஆம் விதி, தாமே வணிகம் நடத்தக் கூடாது என்கிறது. 36ஆம் விதி, விளம்பரம் செய்யக் கூடாது என்கிறது. சட்டப் பாடம் கற்பிக்க மட்டும் நாளொன்றுக்கு மூன்று மணி நேரம் வரை இடமுண்டு. தொழிலின் கண்ணியத்தைக் காக்க எழுதப்பட்ட விதிகள் இவை. தனித்தனியே படித்தால் குறை சொல்ல முடியாது. சேர்த்துப் படித்தால் கிடைக்கும் செய்தி வேறு: சம்பளம் வாங்காதே, கடை நடத்தாதே, உன் பெயரை நீயே சொல்லிக்கொள்ளாதே, கட்சிக்காரர் வரும்வரை காத்திரு. காத்திருக்கும் காலத்தில் சோறு போட நிலமோ, வாடகை வரும் கட்டடமோ, வழக்கறிஞரான தந்தையோ இருக்க வேண்டும் என்பது விதியில் எழுதப்படாத நிபந்தனை.

விளம்பரத் தடையையே எடுத்துக்கொள்வோம். 2024 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம், இணையத் தளங்கள் வழியே வழக்கறிஞர்கள் தம்மை விளம்பரப்படுத்துவதற்கு எதிராக நடவடிக்கை எடுக்குமாறு பார் கவுன்சிலுக்கு உத்தரவிட்டது. சட்டத்தொழில் சந்தைச் சரக்காகக் கூடாது என்பதில் எனக்கும் உடன்பாடே. ஆனால் ஆலங்குளம் போன்ற ஊரில் மூன்று தலைமுறையாகத் தொங்கும் ஒரு பெயர்ப்பலகையும், சாதிச் சங்க விழாவில் மேடையேறும் உரிமையும், பத்திரம் எழுதுவோருடனான பழக்கமும் விளம்பரம் அல்லாமல் வேறென்ன? அவற்றை எந்த விதியும் தடுக்கவில்லை. முதல் தலைமுறையாகக் கருப்பு அங்கி அணிபவருக்கு மட்டுமே இத்தடை முழு அளவில் பொருந்துகிறது.

அம்பேத்கர் தட்டிய கதவு

இது புதிய சிக்கல் அன்று. 1923இல் பம்பாய் உயர் நீதிமன்றத்தில் தொழில் தொடங்கிய அம்பேத்கர் எதிர்கொண்டதும் இதையே. கொலம்பியாவிலும் இலண்டனிலும் பட்டங்கள் பெற்று, கிரேஸ் இன்னில் பாரிஸ்டரான அவருக்குத் தொழில் செய்வதற்கான சன்னது பெறக் கையில் பணமில்லை. நண்பர் நவல் பாத்தேனாவின் உதவியால்தான் அது முடிந்தது.

அன்றைய பம்பாயில் உயர் நீதிமன்றத்தின் அசல் பிரிவு வழக்குகள் சொலிசிட்டர்கள் வழியாகவே பாரிஸ்டர்களுக்குச் செல்லும். கட்சிக்காரரைச் சந்திப்பதும் பாரிஸ்டரைத் தெரிவு செய்வதும் சொலிசிட்டரின் வேலை. தீண்டப்படாத சாதியைச் சேர்ந்த பாரிஸ்டரிடம் வழக்குக் கட்டைக் கொடுக்க அவர்கள் முன்வரவில்லை. எனவே அவர் மாவட்ட நீதிமன்றங்களின் சிறு வழக்குகளையும் மேல்முறையீட்டுப் பிரிவு வழக்குகளையும் நாட வேண்டியிருந்தது. வருமானம் போதாமல் 1925 முதல் 1928 வரை பாட்லிபாய் கணக்கியல் பயிற்சி நிறுவனத்தில் பகுதிநேரமாக வணிகச் சட்டம் கற்பித்தார்.

அதே ஆண்டுகளில் அவர் செய்தவற்றையும் பார்க்க வேண்டும். 1924 ஜூலையில் பகிஷ்கிருத ஹிதகாரிணி சபையை நிறுவினார். 1927இல் மகாடு சவுதார் குளப் போராட்டத்தை நடத்தினார். அக்குளம் தொடர்பாகச் சாதி இந்துக்கள் தொடுத்த வழக்கு 1937 மார்ச்சில் உயர் நீதிமன்றம் அவர்களது மேல்முறையீட்டைத் தள்ளுபடி செய்யும்வரை நீண்டது. எவரிடமும் விடுப்புக் கேட்காமல், எந்த மேலதிகாரிக்கும் விளக்கம் எழுதாமல் பத்தாண்டுகள் ஒரு வழக்கைத் தாங்கி நிற்க அவரால் முடிந்ததற்கு, அவர் சுதந்திர வழக்கறிஞராக இருந்ததும் ஒரு காரணம். ஆகவே “வழக்கறிஞர்களுக்கும் அரசு வேலை கொடுத்துவிட்டால் போதும்” என்று நான் வாதிட மாட்டேன். ஊர்ப் பெரியவருக்கும் காவல் ஆய்வாளருக்கும் எதிராக ஒரே நாளில் நிற்க, எவர் கையிலும் சம்பளம் வாங்காத ஒருவர் நமக்கு வேண்டும்.

சொலிசிட்டர், பாரிஸ்டர் என்ற இரட்டை முறை 1976ஆம் ஆண்டின் சட்டத் திருத்தத்தோடு முடிவுக்கு வந்தது. கட்சிக்காரருக்கும் வழக்கறிஞருக்கும் இடையில் நின்று சாதி பார்க்கும் இடைநிலையாளர் மட்டும் ஒழியவில்லை. இன்று அவர் வேறு உருவங்களில் இருக்கிறார்.

யார் என் கட்சிக்காரர்?

ஆலங்குளம் திருநெல்வேலிக்கும் தென்காசிக்கும் இடையிலுள்ள சாலை ஊர். இப்படிப்பட்ட தாலுகா ஊர் வழக்கறிஞரின் வருமானம் எங்கிருந்து வருகிறது? பாகப்பிரிவினை, வரப்புத் தகராறு, பட்டா மாற்றம், பத்திரப் பார்வை, காசோலை வழக்கு, வாகன விபத்து இழப்பீடு, குடும்ப வழக்கு, ஜாமீன். இவற்றில் நிலம் தொடர்பானவையே நின்று வருமானம் தருபவை. நிலம் யாரிடம் இருக்கிறதோ அவரே நிலையான கட்சிக்காரர். நம் பகுதியில் நிலம் எந்தச் சாதிகளிடம் இருக்கிறது என்பதை இந்தத் தளத்தின் வாசகர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

தொழிலுக்கு வந்த நான்காம் ஆண்டில் ஒரு வன்கொடுமை வழக்கில் பாதிக்கப்பட்ட குடும்பத்துக்காக வக்காலத்துத் தாக்கல் செய்தேன். அதே வாரம், ஓராண்டாக நான் நடத்திவந்த ஒரு பாகப்பிரிவினை வழக்கின் கட்சிக்காரர் வந்து, வழக்குக் கட்டைத் திருப்பித் தருமாறும், வேறு வழக்கறிஞரை வைத்துக்கொள்ள ஆட்சேபமில்லை என்று எழுதித் தருமாறும் கேட்டார். கடுஞ்சொல் எதுவும் இல்லை. பாக்கிக் கட்டணத்தைக்கூட மறுக்காமல் கொடுத்தார். “தப்பா எடுத்துக்கிடாதிய வக்கீலய்யா, ஊருக்குள்ள பேச்சு வருது” என்றார். அந்த மாதத்தில் இன்னும் இரண்டு கட்டுகள் போயின. என்னை எவரும் மிரட்டவில்லை, தாக்கவில்லை. வருமானம் மட்டும் பாதிக்கும் கீழே இறங்கியது.

சம்பளம் இல்லாத தொழில் என்றால், மாதச் சம்பளத்தை ஊர் கொடுக்கிறது என்று பொருள். கொடுக்கும் ஊர் நிறுத்தவும் செய்யும். முதலாளியிடம் வேலை செய்பவரை நீக்கினால் அறிவிப்பு வேண்டும், காரணம் வேண்டும், தொழிலாளர் நீதிமன்றம் உண்டு. கட்சிக்காரர்கள் விலகிப்போவதற்கு முறையீடு எங்கும் இல்லை.

அந்த வன்கொடுமை வழக்கின் செலவைக் கணக்கிட்டுப் பார்ப்போம். சிறப்பு நீதிமன்றம் திருநெல்வேலியில். வாய்தாவுக்கு வாய்தா ஏறத்தாழ முப்பது கிலோமீட்டர் போய்வர வேண்டும். 14ஏ பிரிவின்படி ஜாமீன் உத்தரவின் மீதான மேல்முறையீடு உயர் நீதிமன்றத்துக்குப் போகும். எங்களுக்கு அது 2004இல் தொடங்கப்பட்ட மதுரைக் கிளை. 2016 ஜனவரி 26 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தத்தின் 15ஏ பிரிவு, ஜாமீன், விடுவிப்பு, தண்டனை என ஒவ்வொரு கட்டத்திலும் பாதிக்கப்பட்டவர் தம் தரப்பைச் சொல்ல உரிமை தருகிறது. வழக்கறிஞரின் உதவியைப் பெறும் உரிமையையும் அதே பிரிவு தருகிறது. 1995ஆம் ஆண்டு விதிகளின் 11ஆம் விதி பாதிக்கப்பட்டவருக்கும் சாட்சிகளுக்கும் பயணப்படியும் தினப்படியும் தருகிறது. அவர்களுடன் அதே பேருந்தில் செல்லும் வழக்கறிஞருக்கு அந்த விதியில் எதுவும் இல்லை. கூலி வேலையை விட்டுவிட்டு வந்திருக்கும் குடும்பத்திடம் கட்டணம் கேட்கவும் முடியாது. ஆக, உரிமையைச் சட்டம் கொடுத்திருக்கிறது. அந்த உரிமையை நீதிமன்றத்தில் பேசுபவரின் செலவை அவர் தம் வீட்டிலிருந்து கொண்டுவர வேண்டும்.

இதனால் இழப்பு வழக்கறிஞருக்கு மட்டும் அன்று. 2022 செப்டம்பரில் நம் தென்காசி மாவட்டத்தின் பாஞ்சாகுளத்தில், பட்டியல் சாதிக் குழந்தைகளுக்குத் தின்பண்டம் விற்க மறுத்த கடைக்காரரின் காணொலி வெளிவந்ததை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அந்த வழக்கில் அரிதாகவே பயன்படுத்தப்படும் 10ஆம் பிரிவின்கீழ், குற்றஞ்சாட்டப்பட்டோர் ஆறு மாதம் ஊருக்குள் நுழையத் திருநெல்வேலி சிறப்பு நீதிமன்றம் தடை விதித்தது. அந்தப் பிரிவு 1989 முதல் சட்டப் புத்தகத்தில் இருக்கிறது. பாஞ்சாகுளத்தில் காவல்துறையே அதைக் கேட்டது, காணொலி நாடெங்கும் பரவியிருந்தது. காணொலி எடுக்கப்படாத ஊர்களில், காவல்துறை கேட்காத வழக்குகளில், அந்தப் பிரிவைக் கேட்டு மனு எழுத அருகிலேயே ஒருவர் தொழிலில் நிலைத்திருக்க வேண்டும்.

மூன்று ஆண்டுகளும் ஏழு ஆண்டுகளும்

வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 15ஆம் பிரிவின்படி சிறப்பு அரசு வழக்கறிஞராக நியமிக்கப்பட ஏழு ஆண்டுத் தொழில் அனுபவம் வேண்டும். மறுபக்கம், 2025 மே 20 அன்று உச்ச நீதிமன்றம், உரிமையியல் நீதிபதி பதவிக்கான நுழைவுத் தேர்வு எழுத மூன்று ஆண்டு வழக்கறிஞர் அனுபவம் கட்டாயம் என்ற நிபந்தனையை மீண்டும் கொண்டுவந்தது. நீதிமன்ற நடைமுறை தெரியாத ஒருவர் நீதிபதி இருக்கையில் அமர்வதால் வரும் தீங்கை அத்தீர்ப்பு சுட்டுகிறது. அந்தக் கவலை நியாயமானது.

ஆனால் இந்த இரண்டு எண்களையும் நம் வீட்டுக் கணக்கில் வைத்துப் பார்க்க வேண்டும். இதுவரை ஏழை வீட்டுச் சட்டப் பட்டதாரிக்கு இருந்த குறுக்கு வழி, படிப்பை முடித்த கையோடு நீதித்துறைத் தேர்வு எழுதுவது. உச்ச நீதிமன்றத்தின் முதல் பட்டியல் சாதி நீதிபதியாக 1980இல் பொறுப்பேற்ற தமிழ்நாட்டைச் சேர்ந்த ஏ. வரதராசன், மாவட்ட முன்சீப் பணியில் நுழைந்து படிப்படியாக உயர்ந்தவர். அந்தப் படிக்கு ஏற இனி மூன்று ஆண்டுகள் வருமானமில்லாமல் நிற்க வேண்டும். சிறப்பு அரசு வழக்கறிஞராக ஏழு ஆண்டுகள். உயர் நீதிமன்ற நீதிபதி ஆவதற்கோ அதைவிட நெடிய காத்திருப்பு. 2018 முதல் 2022 வரை நாடு முழுவதும் உயர் நீதிமன்றங்களில் நியமிக்கப்பட்ட நீதிபதிகளில் பட்டியல் சாதியினர் சுமார் 3 விழுக்காடே. இந்த எண்ணிக்கைக்குக் காரணத்தைக் கொலீஜியத்தின் அறைக்குள் மட்டும் தேடினால் போதாது. பதிவு செய்த இரண்டாம் ஆண்டில் அங்கியை மடித்து வைத்துவிட்டு நிதி நிறுவனத்தில் வசூல் வேலைக்குப் போன நம் நண்பர்களிடமும் தேட வேண்டும். என்னுடன் படித்து, நம் மக்களிடையிலிருந்து வந்த நெருங்கிய தோழர்கள் ஆறு பேரில் இன்று நீதிமன்றத்தில் இருப்பவர்கள் இருவர். பெண் தோழர்களில் எவரும் இல்லை. மகப்பேறு விடுப்பு என்ற சொல்லே இல்லாத தொழிலில், ஓராண்டு விலகினால் இருந்த சில கட்டுகளும் வேறு கைக்குப் போய்விடும்.

நிலைத்து நின்றவர்கள் செய்து காட்டியதையும் நாம் அறிவோம். 2003 ஜூலையில் கண்ணகியும் முருகேசனும் கொல்லப்பட்ட வழக்கில் கடலூர் நீதிமன்றத் தீர்ப்பு 2021 செப்டம்பரில்தான் வந்தது. உச்ச நீதிமன்றம் தண்டனையை உறுதி செய்தது 2025 ஏப்ரலில். இந்த நெடும் வழியில் அந்தக் குடும்பத்துக்காக வழக்கறிஞர் பொ. இரத்தினம் நின்றார். கோகுல்ராஜ் கொலை வழக்கில் அவருடைய தாயாரின் கோரிக்கையின் பேரில் ப.பா. மோகன் சிறப்பு அரசு வழக்கறிஞராக நியமிக்கப்பட்டார். 2022 மார்ச்சில் மதுரை சிறப்பு நீதிமன்றம் வழங்கிய தண்டனையை 2023 ஜூனில் உயர் நீதிமன்றம் உறுதி செய்தது. இப்படிப்பட்டவர்களை நாம் மேடைகளில் தனிமனித ஈகத்தின் எடுத்துக்காட்டாகப் பாராட்டுகிறோம். பாராட்டு உரியதே. ஆனால் தாலுகாவுக்கு ஒருவராவது வேண்டியிருக்கும்போது, ஈகத்தை நம்பி மட்டும் ஒரு நீதி அமைப்பை நடத்த முடியாது.

சுற்றறிக்கைகள் எங்கே நின்றுவிட்டன

அண்மை ஆண்டுகளில் சில நல்ல தீர்ப்புகள் வந்துள்ளன. 2024 ஜூலை 30 அன்று கௌரவ் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம், பதிவுக் கட்டணமாகச் சட்டம் சொல்லும் தொகைக்கு மேல் மாநில பார் கவுன்சில்கள் வாங்கக் கூடாது என்றது. பொதுப் பிரிவினருக்கு 750 ரூபாய், பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு 125 ரூபாய். அதுவரை மாநிலத்துக்கு மாநிலம் 15,000 முதல் 42,000 ரூபாய் வரை பல்வேறு பெயர்களில் வாங்கப்பட்டு வந்தது. இந்தக் கட்டணச் சுமை விளிம்புநிலை மக்களைத் தொழிலின் வாசலிலேயே தடுத்து நிறுத்துகிறது என்பதை நீதிமன்றம் வெளிப்படையாகவே ஏற்றுக்கொண்டது. இன்று பதிவு செய்யும் மாணவர்கள் இதை அறிந்திருக்க வேண்டும். கூடுதலாகக் கேட்டால் தீர்ப்பைக் காட்டிக் கேள்வி கேட்க வேண்டும்.

வாசலைக் கடந்த பிறகு? 2024 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றத்தின் நீதிபதிகள் எஸ்.எம். சுப்பிரமணியம், சி. குமரப்பன் அமர்வு, இளநிலை வழக்கறிஞர்களுக்குச் சென்னை, மதுரை, கோவையில் மாதம் 20,000 ரூபாயும் பிற மாவட்டங்களில் 15,000 ரூபாயும் குறைந்தபட்ச உதவித்தொகையாக வழங்க வேண்டும் என்று சுற்றறிக்கை அனுப்புமாறு தமிழ்நாடு, புதுச்சேரி பார் கவுன்சிலுக்கு உத்தரவிட்டது. அதே ஆண்டு அக்டோபரில் இந்திய பார் கவுன்சிலும் நகரங்களில் 20,000, ஊரகங்களில் 15,000 என்று பரிந்துரைத்தது.

தென்காசி மாவட்டத்தில் 15,000 ரூபாய் வாங்கும் இளநிலை வழக்கறிஞர் ஒருவரையும் நான் சந்தித்ததில்லை. வாய்தாவுக்கு நூறோ இருநூறோ பெட்ரோல் செலவு, தீபாவளிக்கு ஒரு தொகை என்பதே வழக்கம். இதற்காக எல்லா மூத்த வழக்கறிஞர்களையும் குற்றம் சொல்வது நேர்மையாகாது. தாலுகா நீதிமன்றத்தில் தொழில் செய்யும் மூத்தவர்கள் பலருக்கு மாதம் 15,000 ரூபாய் எடுத்துக் கொடுக்கும் அளவுக்கு நிலையான வருமானம் இல்லை. இருவருக்குக் கொடு என்றால் இருவரையும் அனுப்பிவிடுவார்கள். முதலில் வெளியேற்றப்படுபவர் யாராக இருப்பார் என்பதை ஊகிப்பது கடினமன்று. எனவே மூத்தவரின் பையை மட்டும் நம்பும் எந்தத் திட்டமும் பெருநகரத்தைத் தாண்டி வராது.

சட்ட உதவி அமைப்பிலும் ஒரு வேறுபாட்டைக் காணலாம். 1987ஆம் ஆண்டின் சட்டப்பணிகள் ஆணையச் சட்டம் 12ஆம் பிரிவின்படி, பட்டியல் சாதி, பழங்குடியினர் எவரும் வருமான வரம்பின்றி இலவசச் சட்ட உதவி பெறலாம். 2022 முதல் குற்றஞ்சாட்டப்பட்ட ஏழைகளுக்காக மாத ஊதியத்தில் முழுநேர வழக்கறிஞர்களை அமர்த்தும் திட்டம் மாவட்டங்களில் நடைமுறைக்கு வந்தது. பொய் வழக்குகளில் சிக்கும் நம் இளைஞர்களுக்கும் அத்திட்டம் தேவை என்பதால் அதை வரவேற்கிறேன். ஆனால் வன்கொடுமையால் பாதிக்கப்பட்டவருக்காக அதே போன்ற ஊதிய ஏற்பாட்டை ஏன் செய்யக் கூடாது என்று கேட்க வேண்டியிருக்கிறது.

என்ன கேட்க வேண்டும், என்ன செய்ய வேண்டும்

முதலாவது, முதல் மூன்று ஆண்டுகளுக்கான உதவித்தொகையை அரசு ஏற்க வேண்டும். தாட்கோ வழியே சட்டப் பட்டதாரிகள் தொழில் தொடங்க ஒருமுறை வழங்கும் நிதியுதவி இருக்கிறது. மேசையும் புத்தகமும் வாங்க அது உதவும், மூன்று ஆண்டு உணவுக்கு உதவாது. கர்நாடகச் சமூகநலத் துறை, பட்டியல் சாதிச் சட்டப் பட்டதாரிகளுக்கு மூத்த வழக்கறிஞரிடம் பயிலும் காலத்தில் மாதந்தோறும் உதவித்தொகை வழங்குகிறது. தமிழ்நாட்டில் 2024இல் நிறைவேற்றப்பட்ட பட்டியல் சாதி, பழங்குடியினர் வளர்ச்சிச் செயல்திட்டச் சட்டம், நம் மக்களுக்கான நிதியை நம் மக்களுக்கே செலவிடச் சொல்கிறது. அந்த நிதியில் இதற்கு இடம் கேட்பது நியாயமான கோரிக்கை. உதவித்தொகை மூத்தவர் கை வழியாக வராமல் நேராக இளையவரின் வங்கிக் கணக்குக்கு வர வேண்டும். அப்போதுதான் அவர் எவருடைய தயவிலும் இருக்க மாட்டார்.

இரண்டாவது, இருக்கும் விதியைப் பயன்படுத்த வேண்டும். 1995ஆம் ஆண்டு விதிகளின் 4(5)ஆம் விதி, பாதிக்கப்பட்டவர் விரும்பினால் அவருக்காகச் சிறந்த மூத்த வழக்கறிஞர் ஒருவரை உரிய கட்டணத்தில் அமர்த்த மாவட்ட ஆட்சியருக்கு அதிகாரம் தருகிறது. இதைக் கேட்டு மனுக் கொடுக்கலாம் என்பதே பல குடும்பங்களுக்குத் தெரிவதில்லை. முதல் தகவல் அறிக்கை பதிவான உடனே தீருதவித் தொகைக்கு மனு எழுதும் நம் தோழர்கள், அதே தாளின் அடுத்த பக்கத்தில் 4(5) மனுவையும் எழுத வேண்டும். அத்துடன், 15ஏ பிரிவின்கீழ் பாதிக்கப்பட்டவருக்கு உதவும் வழக்கறிஞருக்கும் பயணப்படியும் கட்டணமும் வழங்க விதி திருத்தப்பட வேண்டும்.

மூன்றாவது, மாணவர்கள் செய்யக்கூடிய வேலை. அதே 4ஆம் விதி, சிறப்பு நீதிமன்றங்களுக்கான வழக்கறிஞர் பட்டியலை மாவட்ட ஆட்சியரின் பரிந்துரையின் பேரில் மாநில அரசு தயாரிக்க வேண்டும் என்றும், சிறப்பு அரசு வழக்கறிஞர்களின் செயல்பாட்டை மாவட்ட ஆட்சியர் ஆண்டுக்கு இருமுறையாவது ஆய்வு செய்து அரசுக்கு அறிக்கை அனுப்ப வேண்டும் என்றும் சொல்கிறது. உங்கள் மாவட்டத்தில் அந்தப் பட்டியலில் யார் யார் இருக்கிறார்கள், கடைசி ஆய்வறிக்கை எப்போது அனுப்பப்பட்டது என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். பத்து ரூபாய்க் கட்டணத்தில் ஒரு மாவட்டத்தின் உண்மை நிலை தெரியவரும்.

நான்காவது, நாமே செய்துகொள்ள வேண்டியது. தனித்தனியாக வாடகை கொடுத்துத் தனித்தனியாக நொடிந்துபோவதைவிட, நான்கைந்து இளைய வழக்கறிஞர்கள் ஒரே அறை, ஒரே குமாஸ்தா, ஒரே சட்டத் தீர்ப்புச் சந்தா என்று சேர்ந்து தொழில் நடத்தலாம். வழக்கறிஞர்கள் தமக்குள் கட்டணத்தைப் பகிர்ந்துகொள்வதை விதிகள் தடுக்கவில்லை. விபத்து வழக்கிலும் காசோலை வழக்கிலும் வருவதில் ஒரு பங்கைப் பொதுவில் வைத்து, வன்கொடுமை வழக்கின் பயணச் செலவை அதிலிருந்து எடுக்கலாம். ஒருவரிடமிருந்து கட்டுகள் திரும்பப் போகும்போது மற்றவர்கள் அவரைத் தாங்கலாம். நாங்கள் மூவர் இரண்டு ஆண்டுகளாக இதைச் செய்துவருகிறோம். வசதி என்று சொல்ல முடியாது, ஆனால் இந்த இரண்டு ஆண்டுகளில் ஒரு வன்கொடுமை வழக்கைக்கூடப் பணமில்லை என்று திருப்பி அனுப்பவில்லை. இயக்கங்களும் கூட்டத்துக்கும் சுவரொட்டிக்கும் ஒதுக்குவது போல ஒரு சிறு தொகையை இதற்கென ஒதுக்க வேண்டும்.

இந்த ஆண்டு எங்கள் ஊர்ப் பக்கத்திலிருந்து சட்டப் படிப்பை முடித்த ஒரு தங்கை அண்மையில் அலுவலகத்துக்கு வந்திருந்தார். அவருடைய அம்மாவும் பீடி சுற்றுபவர்தான். பதிவு செய்யலாமா, வேறு வேலைக்குப் போகலாமா என்று கேட்டார். பதிவு செய், தொழில் நன்றாக வரும் என்று சொல்லி அனுப்புவது எளிது. அப்படிச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. முதல் மூன்று ஆண்டுகளுக்கு வீட்டில் என்ன வழி என்று கேட்டேன். “அம்மாவோட பி.எஃப். பணம் இருக்குண்ணே” என்றார்.

1985இல் பீடித் தொழிலாளர்களுக்கு உறுதியான அந்த வைப்புநிதியைக் கொண்டுதான் 2025க்குப் பின்னும் ஒரு தலித் பெண் வழக்கறிஞர் உருவாக வேண்டியிருக்கிறது. அந்தத் தாயின் முதுமைக்கான பணம் அது. அதைத் தொடாமல் அவர் அங்கி அணிய வழி செய்யும்படி, அரசையும் பார் கவுன்சிலையும் கேட்பது நம் பொறுப்பு. அதுவரை எங்கள் அறையில் நான்காவதாக ஒரு நாற்காலி போட்டிருக்கிறோம். பதிவு முடிந்ததும் வரச் சொல்லியிருக்கிறேன்.